ஒரு சொல்லுக்குப் பொய்ப் பொருள் சொன்ன கதை

லண்டனில் எனக்கு முதலில் நொந்தது கால்தான். விமான நிலையத்துக்குள் நடக்கவிட்டார்கள், நடக்கவிட்டார்கள், கொழும்புக் கோட்டையில் இறங்கிக் கொள்ளுப்பிட்டிவரை போகிற அளவுக்கு நடக்கவிட்டார்கள். முடிவில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் குடும்பத்தைப் பார்க்க என்றேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லியிருந்தால் அந்த மனுசன் சிரித்திருப்பார். அண்ணனின் மகள் வாசுகி படிக்கும் படிப்பை நிறுத்துவதற்காக, நாற்பத்தேழு வயதில், மூட்டுவலியோடு, இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டு நான் வந்திருந்தேன்.

அது தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம். வாசுகி தெற்கு லண்டனில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். கறுப்பின மக்களின் வரலாறும் பண்பாடும் என்பது அவளுடைய பாடம். கணக்கியல் படிக்கிறாள் என்று அண்ணை ஒரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்த அன்று, கொழும்பில் நான் இருக்கும் வெள்ளவத்தைக்கு ஃபோன் எடுத்தார். "நீ வந்து சொன்னால் கேப்பாள். சின்னனிலை இருந்து உன்ரை சொல்லைத்தான் கேக்கிறவள்" என்றார். அவள் ஆறு வயதில் லண்டனுக்குப் போனவள். அதற்குப் பிறகு நான் அவளைக் கண்டது இரண்டே தடவை. அண்ணை கேட்டால் மறுத்துப் பழக்கமில்லை, வந்துவிட்டேன்.

அண்ணையின் வீடு ஈஸ்ட் ஹாமில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளின் வரிசையில் இருந்தது. போன உடனேயே அண்ணையின் மனைவி, என் மச்சாள், இடியப்பமும் சொதியும் வைத்தா. இடியப்பம் ஃபிரீசரிலிருந்து வந்தது, நடுவில் இன்னும் பனிக்கட்டி. "அவிச்சு அடுக்கி வைக்கிறனான். வேலைக்குப் போற வீட்டிலை நாளுக்கு நாள் அவிக்க ஏலுமோ?" என்றா. குறை சொல்லவில்லை, பசியில் பனிக்கட்டியையும் மென்று விழுங்கினேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணை தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பாடம் மாற்றுவதற்கான விண்ணப்பம். கணக்கியலுக்கு மாற. எல்லா இடமும் அவர் கையாலேயே நிரப்பி, வாசுகி கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கடைசி நாள். அதுக்கு முன்னம் வைக்கப் பண்ணு" என்றார். அண்ணை எழுபத்துநான்கில் கணக்கியல் படிக்கவென்று லண்டன் வந்தவர். கடைசிப் பகுதியில் இரண்டு பாடம் மிச்சமிருக்கப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார். அந்த இரண்டு பாடமும் மிச்சமாகவே இருக்கின்றன. அதைப்பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

வாசுகி கல்லூரியிலிருந்து வந்து, "மாமி" என்று கட்டிப்பிடித்தாள். குளிரில் அவள் கன்னம் ஐஸ் போட்ட மீன்பெட்டிபோல் இருந்தது. "என்னைத் திருத்த வந்தனீங்களோ?" என்று கேட்டாள். கொழும்பில் ஒரு தமிழ் அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. அதை வைத்துப் பகிடி பண்ணினாள். சிரித்துச் சமாளித்தேன்.

மறுநாள் மச்சாளோடு ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். முருங்கைக்காய் மூன்றை ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், விலையைப் பார்த்ததும் வைத்துவிட்டேன். நகைக்கடை, சேலைக்கடை, கருவாட்டு மணம், "அக்கா உள்ளுக்கு வாங்கோ" என்ற குரல். குளிர் மட்டும் இல்லையென்றால் வெள்ளவத்தைதான். எனக்கு இரண்டு நாள் பயண அலுப்பு, கண் செருகிக்கொண்டு போனது. மச்சாள் என் காதோடு குனிந்து, "இன்னொரு விசயம். கல்லூரி ஃபோமிலை என்ன இனம் எண்டு கேட்ட இடத்திலை கறுப்பு எண்டு அடையாளம் போட்டிருக்கிறாளாம். உங்கடை அண்ணைக்கு இன்னும் சொல்லேல்லை. நாளைக்கு ஆர் கட்டுவான்?" என்றா.

அன்று பின்னேரம் வாசுகியிடம் அதையே கேட்டேன். கடலை கொறித்துக்கொண்டு பதில் சொன்னாள். "இஞ்சை ஆசியன் ஆக்களும் அப்பிடித்தான் சொல்லிறவை மாமி. எல்லாரையும் ஒரே மாதிரித்தானே நடத்திறாங்கள். றோட்டிலை என்னைக் கண்டு அடிக்க வாறவன், நில்லு நில்லு, இவள் மாநிறம் எண்டு சொல்லமாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. மாநிறம் என்ற சொல்லை என்னைப்போல் திருத்தியவர்கள் உலகத்தில் இருக்கமாட்டார்கள். எங்கள் அச்சகத்தில் அச்சாகும் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரங்கள் முழுக்க என் மேசைக்குத்தான் வரும். சிவந்த, வெள்ளை, பொது நிறம், மாநிறம். கறுப்பு என்று எழுதி வந்த ஒரு விளம்பரமும் என் கண்ணில் பட்டதில்லை. என்னைப் பெற்ற ஐயா எனக்கு மாப்பிள்ளை தேடிய விளம்பரத்தில் மாநிறம் என்று போட்டார். பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவது மாப்பிள்ளைக்குப் பிறகு விளம்பரம் நின்றது. இதையெல்லாம் வாசுகியிடம் சொல்லவில்லை. "படிப்பைப் பற்றிப் பேந்து கதைப்பம்" என்று எழும்பிப் போய்ப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவள் என்னை பிரிக்ஸ்டனுக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய நீண்ட கட்டுரைக்காக ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பேட்டி எடுக்கவேண்டும். அடுத்த வெள்ளி அதைக் கையளிக்கவேண்டும். "நீங்களும் வாங்கோ. வந்து பாத்திட்டு என்னைத் திட்டுங்கோ" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வழியில் பேசி மனம் மாற்றலாம் என்றும் ஒரு நப்பாசை.

விக்டோரியாவில் ரயில் மாறவேண்டும். கூட்டம் தள்ளியது. வாசுகி ஏறிவிட்டாள், நான் ஏறக் காலைத் தூக்குவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கையால் 'நில்லுங்கோ' என்று காட்டினாள். நின்றேன். வேறென்ன செய்ய? இருக்க வாங்குப் பலகையும் இல்லை, முழங்கால் விண்விண்ணென்றது.

அப்போது மொட்டையடித்த ஒரு பொடியன், கனத்த சப்பாத்துப் போட்டவன், என் முகத்துக்கு நேரே வந்து நின்று, "பாக்கி" என்றான். இன்னும் ஏதோ சொன்னான், அது எனக்குப் பிடிபடவில்லை. பாக்கி மட்டும் தெளிவாகக் கேட்டது. அட, டிக்கெட் காசில் ஏதோ குறை என்கிறான் போலும் என்று நினைத்து, கைப்பையைத் திறந்து டிக்கெட்டையும் சில்லறையையும் எடுத்து நீட்டி, "பாக்கி இல்லை, எல்லாம் கட்டியாயிற்று" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கையைத் தட்டிவிட்டான். சில்லறை உருண்டோடியது. என் காலுக்குப் பக்கத்தில் துப்பினான்.

நீல மேலங்கி போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர் ஓடிவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். நெடிய கறுப்பின மனிதர். பொடியன் அவருக்கும் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அவர் குனிந்து என் சில்லறையைப் பொறுக்கித் தந்தார்.

"உங்களிடம் என்ன கேட்டான்?" என்றார்.

"மிச்சக் காசு கேட்டான். எங்கள் மொழியில் பாக்கி என்றால் கட்டவேண்டிய மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை. "அம்மா, அது கணக்கில்லை. அது உங்களைத்தான். பாகிஸ்தான்காரர் என்று திட்டுகிறான்."

"நான் இலங்கை."

"அவன் பாஸ்போட் பார்க்கமாட்டான்" என்றார்.

வாசுகி திரும்பி வரும்வரை அந்த மனிதர் பக்கத்திலேயே நின்றார். சில்லறையைத் திரும்பப் பைக்குள் போட்டேன். பயத்தைவிட வெட்கம்தான் கூட. என்னைத் திட்டினவனுக்குக் காசு நீட்டியிருக்கிறேனே, என்ன மடைச்சி நான். பேசாமல் வெள்ளவத்தையில் கிடந்திருக்கலாம்.

வாசுகி பேட்டி எடுக்க வந்த மிஸ் டோரினின் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, வேறென்ன. ஏறி முடிய எனக்கு உயிர் போய் வந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு, "தூக்கி வையுங்கள்" என்றார். லண்டனில் எனக்கு அன்றைக்குத்தான் கால் ஆறியது.

வாசுகி டேப் ரெக்கோடரை மேசையில் வைத்தாள். மிஸ் டோரின் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். வந்த முதல் குளிர்காலத்தில் சுடச்சுட இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகளை விட்டு வீட்டுக்குப் போகவே மனம் வராதாம், அறையில் அவ்வளவு குளிராம். "எனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவள் டோலி. அதனால் என்னையும் டோலி என்றார்கள். ஒன்பது வருடம். பத்தாம் வருடம் சொன்னேன், டோலி இறந்துபோனாள், இனி டோரினிடம் பேசுங்கள் என்று." வாசுகி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு சாப்பாடு. தேங்காய்ப்பால் விட்டு அவித்த சோறு, அதற்குள் சிவப்பு அவரைக்கொட்டை. எங்கள் கௌபிப் பயறுச் சோற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. குட்டிப் பூசணி மாதிரி ஒரு மிளகாய் போட்டுக் கோழிக்கறி. உறைப்பென்றால் உறைப்பு, மூக்கால் தண்ணீர் ஓடியது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மிஸ் டோரின் வாயைத் துடைத்துக்கொண்டு, "இரண்டு மணித்தியாலம் நானே பேசிவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மொழியில் எங்களை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டார். பகைமையில்லாமல், அறிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

வாசுகி என் பக்கம் திரும்பினாள். "மாமி, போன கிழமை அப்பாவை டேப் பண்ணினனான். லண்டனுக்கு வந்த முதல் நாள் வழி தெரியாமல் நிக்கேக்கை ஒரு காப்பிலிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவன் எண்டு சொன்னவர். எனக்கு அந்தச் சொல்லு வடிவா விளங்கேல்லை. அதின்ரை அர்த்தம் என்ன?"

எனக்குத் தெரியும். அகராதி ஒன்றின் ககர வரிசை முழுவதையும் பிழை பார்த்தவள் நான். அரபு வணிகர் தங்கள் சமயத்தை நம்பாதவர்களைச் சொன்ன சொல். அதைப் போர்த்துக்கேயர் வாங்கி, ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளுக்கு வைத்தார்கள். அடிமைகளோடு சேர்ந்து அதுவும் கப்பலில் வந்து எங்கள் கரையில் இறங்கியது. காப்பிரி என்று வந்து காப்பிலி ஆனது. ஊரில் பிள்ளைகளை வெருட்டவும், கறுத்தவர்களை நக்கலடிக்கவும் அதைச் சொல்வார்கள். இதை அந்த முகத்துக்கு நேரே, அந்தச் சோற்றைத் தின்ற வாயால் எப்படிச் சொல்வது? மூன்று மணித்தியாலத்துக்கு முன்னால்தான் ஒருத்தன் என்னைச் சொன்னான். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"காப்பு என்றால் பாதுகாப்பு. இலி என்றால் இல்லாதவர். பாதுகாப்பு இல்லாதவர்கள்" என்று மிஸ் டோரினுக்கும் விளங்க ஆங்கிலத்தில் சொன்னேன்.

என் வாயில் எங்கிருந்துதான் வந்ததோ! வாசுகி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "ஏதிலி மாதிரி! மாமி, அகதிகளை ஏதிலி எண்டுதானே எழுதுறவை? ஒண்டுமில்லாத ஆக்கள். அவை காப்பிலி, நாங்கள் ஏதிலி. ரெண்டு சொல்லுக்கும் ஒரே வால்!"

ஓம் என்று தலையாட்டினேன். பொய்யில் பெரிய பகுதி அந்தத் தலையாட்டல்தான்.

மிஸ் டோரின் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பாதுகாப்பு இல்லாமல் வந்தவர்கள். அது உண்மைதான். உங்கள் மொழி எங்களைக் கவனித்துப் பார்த்திருக்கிறது" என்றார். ஒரு தாளைத் தந்து எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். குண்டு குண்டாக, ஒரு பிழையில்லாமல் எழுதினேன். அதை அவர் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்.

அடுத்த ஐந்து நாளும் எனக்கு ஊர் பார்க்கப் பிடிக்கவில்லை. அரண்மனை பார்த்தேன், பாலம் பார்த்தேன், வண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் இரட்டைத் தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தபடி சுற்றினேன். வாசுகி வீட்டில் தட்டச்சு மெஷினை டக்கு டக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். கட்டுரைக்கு 'காப்பிலியும் ஏதிலியும்' என்று பெயர் வைத்தாள். ஃபோனில் கேட்ட விரிவுரையாளர், அதையே தொடக்கத்தில் வை என்றாராம். ஒவ்வொரு பக்கமும் முடிய என்னிடம் ஓடிவந்து தமிழில் சொல்லிக் காட்டுவாள். முழுக்கட்டிடமும் என் பொய்யின் மேல் எழும்பியது. அண்ணை ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம், "சொன்னியோ? என்ன சொல்லுறாள்?" என்று கேட்பார். "சொல்லுறன்" என்பேன்.

பேசாமல் விமானம் ஏறிவிடலாம் என்றும் யோசித்தேன். லண்டனில் யார் தமிழ் அகராதி புரட்டப்போகிறார்கள்? ஆனால் ஒரு எழுத்துப் பிழைக்காக அச்சு மெஷினையே நிறுத்தி அச்சுக்காரரிடம் ஏச்சு வாங்குகிறவள் நான். பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் பெயரைப் போட்டு இதைக் கொடுக்கப்போகிறாள். எவராவது ஒருநாள் பிடித்தால் அவள் முகம் எங்கே போகும்?

புதன்கிழமை காலை வீட்டு வாஷிங் மெஷின் மக்கர் பண்ணியது. அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு நானும் வாசுகியும் தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனோம். துணி சுழன்றுகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அரபு, போர்த்துக்கேயர், அடிமைக் கப்பல், ஊரில் அதை எப்படிச் சொல்வார்கள், எல்லாம். "இலிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லைப் பிள்ளை. நான் சும்மா அவிட்டு விட்டது" என்றேன்.

அவள் முதலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். திட்டு என்று தெரிந்தது. பிறகு தமிழில், "எனக்குச் சொன்னால் பரவாயில்லை. அவவுக்கெல்லோ பொய் சொன்னியள். அவவின்ரை வீட்டிலை, என்ரை டேப்பிலை!" என்றாள்.

"சொல்ல வாய் வரேல்லையடி. அந்த மனுசி என்ரை காலுக்கு முக்காலி போட்டது."

"இதை எடுத்தால் கட்டுரையிலை என்ன இருக்கு? பதினெட்டுப் பக்கம் மாமி!" கண்ணீரைத் துடைத்தாள். "சரி. விடுங்கோ. அப்பா நினைச்சது சரி. இது எனக்கு ஏலாது. ஃபோமைத் தாங்கோ, சைன் வைக்கிறன்."

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் போதும், அண்ணைக்குச் சந்தோசம், எனக்கு நல்ல பெயர். அவ்வளவு கேவலமாக நான் ஒருநாளும் என்னை உணர்ந்ததில்லை. "விசர்க்கதை கதையாதை" என்று சத்தம் போட்டேன். சலவைக் கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பிழை விட்டது நான். நீ ஏன் படிப்பை விடவேணும்? துணி காய்ஞ்ச உடனை வெளிக்கிடு. அவவுக்கு நானே சொல்லுறன்."

திரும்பவும் விக்டோரியா, திரும்பவும் அந்த நாலு மாடி. இந்தமுறை ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். கால் நோவுக்காக மட்டும் நிற்கவில்லை. மிஸ் டோரின் கதவைத் திறந்தார். இருக்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டேன், இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். என் ஆங்கிலம் தடுக்கியது, வாசுகி ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவர் முழுக்கக் கேட்டார். "உண்மை அர்த்தம் அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் சோற்றைச் சாப்பிட்டபோது தெரியும்."

"ஓம்."

எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தாளைக் கழற்றினார். கிழிக்கவில்லை, மடித்து மேசையில் வைத்தார். "என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் கேட்டால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். இப்படி இனிப்புப் பூசித் தந்தால் ஐந்து நாளாக அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு இருப்பேன். அதுதான் எனக்குக் கோபம்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசுகியைப் பார்த்து, "மெஷினைப் போடு பிள்ளை. இந்த அம்மா எல்லாவற்றையும் அதில் சொல்லட்டும். பொய்யையும், ஏன் சொன்னார் என்பதையும். அதோடு இன்னொன்று. உங்களை உங்கள் வீட்டில் என்னவென்று கூப்பிட்டார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

இதை என்னிடம் யாரும் கேட்டதேயில்லை. "கறுவல்" என்றேன். கறுத்தவள் என்று அர்த்தம் என்றேன். ஐயா, அம்மா, அண்ணை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், செல்லமாகத்தான். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. மாநிறம், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன ஐந்து மாப்பிள்ளைகள், ரயில் மேடையில் நீட்டிய சில்லறை, எல்லாவற்றையும் அந்த மெஷினுக்குச் சொன்னேன். என் சொந்தப் பெயரையும் சொன்னேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னேன். வாசுகி நாடாவை மாற்றிப் போட்டாள்.

அன்றைக்கு மிஸ் டோரின் சாப்பிடச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார். வெளிக்கிடும்போது ஒரு புதுத் தாளை நீட்டி, "டோரின் என்று உங்கள் எழுத்தில் எழுதித் தாருங்கள். அதற்கு ஒரு அர்த்தமும் வேண்டாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

வியாழன் முழுவதும் வாசுகி தட்டச்சு மெஷினை விட்டு எழும்பவில்லை. பழைய பதினெட்டுப் பக்கத்தில் ஆறைத்தான் வைத்துக்கொண்டாள். ஒரு சொல்லைப் பற்றி அவளுடைய அப்பா டேப்பில் சொன்னது, மாமி சொன்ன பொய், பிறகு சொன்ன உண்மை, அதைக் கேட்ட பெண்ணின் கோபம் என்று கட்டுரை வேறொன்றாகிவிட்டது. வெள்ளி காலை கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரதி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தொலைக்காட்சிக்கு மேல் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

பின்னேரம் அண்ணை அதைக் கையில் எடுத்தார். "நீ என்ன செய்தனி?"

"நான் நிப்பாட்டேல்லை அண்ணை. படி எண்டு சொன்னனான்."

"கறுப்பரின்ரை சரித்திரத்தைப் படிச்சு என்ன செய்யப்போறாள்? எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கட்டுமெண்டு பாத்தன். உன்னைக் கூப்பிட்டது என்ரை பிழை." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் இருந்த மூன்று நாளும் அவர் என்னோடு கதைக்கவில்லை. மச்சாள் நடுவில் நின்று உப்பையும் சோற்றையும் கைமாற்றினா. வேலைக்குப் போகும் பையில் அவர் அந்தப் பிரதியை வைத்ததைக் கண்டேன். பெற்றோல் நிலையத்தில் குப்பையில் போடத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர்தான் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். வழிநெடுக மழை, வைப்பர் சத்தம். இருந்த ஒரே அண்ணனையும் பகைத்துக்கொண்டு போகிறேனே என்று நினைத்தேன். வண்டியை நிறுத்திப் பெட்டியை இறக்கினார். இறக்கியவர் அதைப் பிடித்தபடியே நின்றார்.

"நாலாம் பக்கத்திலை, வயதுபோன ஒரு தமிழர் அப்பிடிச் சொன்னார் எண்டு எழுதியிருக்கிறாள். அது ஆர்?"

"நீங்கள்தான் அண்ணை. பேர் போட்டால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமெண்டு விட்டவளாம்."

"எனக்கு ஐம்பத்தொண்டு. வயதுபோனவனாம்." மூக்கை உறிஞ்சினார். "அந்த மனுசியின்ரை பேர் இருக்கு. உன்ரை பேர் இருக்கு. கறுவல் எண்டு உன்னைக் கூப்பிட்டதும் நாங்கள்தான், அதுவும் எழுதியிருக்கு. அந்தக் கதையைச் சொன்னது நான். எனக்கு வழி காட்டினவன்ரை பேரை நான் கேக்கவுமில்லை. என்ரை பேரையும் போடாமல் விட்டால், ஆரோ சொன்ன மாதிரியெல்லோ கிடக்கும்?"

நான் பெட்டிக்குக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"வாற வருசம் எழுதேக்கை போடச் சொல்லு. முழுப்பேர். இனிஷியலோடை."

"வாற வருசமோ அண்ணை?"

பெட்டியை என் கையில் தந்தார். "ஓம். மூண்டு வருசப் படிப்பெல்லோ" என்றார்.